பயம் காற்றைத் தின்னும்

பி.ஏ. செட் என்கிற சுவாசக் கருவியை மாட்டியிருக்கிற ஆளுக்குப் பயம் வந்தால் அதைக் காதால் கேட்கலாம். மூச்சை இழுக்கும்போது முகமூடியின் வால்வில் ஒரு சீறல் வரும். நிதானமாக இருக்கிறவனிடம் அது நீளமாக, இடைவெளி விட்டு வரும். பயந்தவனிடம் சுருங்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வரும். புகை அடைத்த அறையில் பக்கத்தில் இருப்பவன் முகம் தெரியாது. டார்ச் அடித்தால் எதிரே வெள்ளைத் திரைதான் நிற்கும். ஆனால் அவன் எவ்வளவு கலங்கியிருக்கிறான் என்பதை அந்தச் சீறல் சொல்லிவிடும்.

முதுகில் இருப்பது 6 லிட்டர் சிலிண்டர். 300 பார் அழுத்தத்தில் அதற்குள் 1,800 லிட்டர் காற்று அடைத்திருக்கும். வேலை செய்கிற ஆள் நிமிடத்துக்குச் சுமார் 40 லிட்டர் இழுப்பான் என்று வைத்து 45 நிமிடம் தாங்கும் என்பது ஏட்டுக் கணக்கு. பயந்தவன் அதைப்போல இரண்டு பங்கு இழுப்பான். அவனுக்கு இருபது நிமிடம் சொச்சம்தான். காற்று தீரப்போகிறது என்று கருவி விசில் அடிக்க ஆரம்பித்தால் இன்னும் பயம், இன்னும் வேகமான மூச்சு. தாம்பரம் பயிற்சி மையத்தில் எங்கள் பயிற்றுநர் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுவிட்டுச் சொன்னார்: "பயத்துக்குன்னு தனியா காத்து கிடையாதுப்பா. உனக்கு இருக்கிறதுலேருந்துதான் அது எடுத்துக்கும்." தீயணைப்புத் துறையில் நான் கற்ற எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஒரு கணக்கு இருக்கிறது.

"தைரியமா இரு" என்று சொல்லி மூச்சு அடங்கிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. கேஜைப் பார், எத்தனை பார் நிற்கிறது என்று வாய்விட்டுச் சொல், கையைச் சுவரை விட்டு எடுக்காதே, தாண்டின கதவுகளை எண்ணிக்கொண்டே வா. இப்படிச் சொன்னால் அடங்கும். புகைக்குள் நுழையும்போது வலது கை சுவரில் பட்டபடி போனால், திரும்பும்போது இடது கையை அதே சுவரில் வைத்து வந்த வழியே வெளியே வந்துவிடலாம். எதிரே தடவிப் பார்க்கும்போது உள்ளங்கையை நீட்டக் கூடாது, புறங்கையைத்தான் நீட்ட வேண்டும். அறுந்து தொங்கும் ஒயரில் மின்சாரம் இருந்து, உள்ளங்கை அதில் பட்டால், தசை சுருங்கி விரல்கள் அந்த ஒயரையே இறுகப் பிடித்துக்கொள்ளும். புறங்கை பட்டால் அதே சுருக்கம் கையை ஒயரிலிருந்து விலக்கிக் கொண்டுவரும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து வைக்க வேண்டும், முன்னால் தரை இருக்கிறதா என்று பாதம் பார்த்துச் சொன்ன பிறகுதான் உடம்பின் எடை அதில் இறங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லிக் கொடுத்தார்கள். காரணம் புரிந்த பிறகு இருட்டு வெறும் இருட்டாக இருந்தது. அதற்கு முன்னால் அதற்குள் என்னென்னவோ இருந்தன.

வெளியே நிற்கிறவர்கள் தழலைப் பார்த்துத்தான் நடுங்குவார்கள். ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகை. அதில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து போகிற ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாகப் பற்றிக்கொள்ளும். கால் துவண்டு உட்காருகிறவருக்குத் தனக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது. ஆனால் புகைக்கு ஒரு பழக்கம் உண்டு. சூடாக இருக்கும்வரை அது மேலேதான் ஏறும். தரையிலிருந்து ஒன்றிரண்டு அடி உயரத்தில் கண்ணுக்கும் மூச்சுக்கும் கொஞ்சம் இடம் விட்டிருக்கும். எழுந்து ஓடுகிறவன் விஷத்துக்குள் தலையை நீட்டுகிறான், தவழ்கிறவன் பிழைக்கிறான். பள்ளிக்கூடங்களுக்குப் போகும்போதெல்லாம் பிள்ளைகளைத் தரையில் தவழவிட்டுத்தான் இதைச் சொல்லிக்கொடுப்பேன். சீருடை அழுக்காகிறது என்று ஆசிரியைகள் முகம் சுளித்தாலும் விடுவதில்லை. காதால் கேட்டதை ஆபத்தில் மனசு தொலைத்துவிடும். முழங்கால் செய்து பார்த்தது மறக்காது.

திருச்சிக்கு மாற்றலாகி வந்த புதிதில் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிப் பக்கம் ஒரு பழைய வீட்டில் சமையல்கட்டில் தீ. வாசலில் கூட்டம். வீட்டுக்கார இளைஞர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி பின்கட்டுல இருக்கா சார், நடந்து வர முடியாது, சீக்கிரம் போங்கோ" என்று கத்துகிறார். வாசல் நிலைக்கு மேல் புகை சுருண்டு வருகிறது. எங்களில் இளையவன் ஒருவன் முகமூடியை மாட்டிக்கொண்டு நேரே நுழையத் தயாராகிவிட்டான். எங்கள் முன்னணித் தீயணைப்போர் அவன் தோளில் கை வைத்து நிறுத்தினார். அவர் இந்த ஊர்க்காரர். அக்ரஹாரத்து வீட்டின் அமைப்பு அவருக்கு மனப்பாடம். திண்ணை, ரேழி, கூடம், நடுவில் வானம் பார்த்த முற்றம், அதற்கப்பால் இரண்டாம் கட்டு, கிணறு, கொல்லை. முற்றம் ஒரு புகைபோக்கி. முன்பக்கத்துப் புகையில் பெரும்பங்கு அது வழியாகவே மேலே போய்விடும், பின்கட்டு வெகுநேரம் தெளிவாக இருக்கும் என்றார். இரண்டு பேரைக் கொல்லைப்புறச் சந்து வழியாக அனுப்பினார். பாட்டி கிணற்றடித் துவைகல்லில் உட்கார்ந்திருந்தார். "உள்ள பாலை வெச்சிருக்கேன், அணைச்சேளா?" என்று கேட்டாராம்.

அந்த முன்னணித் தீயணைப்போர் எங்களைவிடத் தைரியசாலியா என்று எனக்குத் தெரியாது. அவருக்கு வீடு தெரிந்திருந்தது. வாசலில் நின்ற எங்களுக்கு அது ஒரு எரிகிற குகை.

அந்த வீடுகளைப் பற்றி இன்னொன்று. பழைய வீட்டில் மர உத்தரத்தைப் பார்த்தால் எல்லோரும் பயப்படுவார்கள், இரும்பு கர்டர் என்றால் நிம்மதி அடைவார்கள். இது பாதிதான் சரி. இரும்பு எரியாது என்பது உண்மை. ஆனால் சுமார் 550 டிகிரி செல்சியஸில் அது தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும், எந்த அறிவிப்பும் இல்லாமல் வளைந்து இறங்கும். நல்ல கனமான தேக்கு உத்தரம் எரிந்தாலும் மேலே கரி படியும். அந்தக் கரியே உள்மரத்தைக் கொஞ்ச நேரம் காக்கும். உடையும் முன் சத்தம் கொடுக்கும். அதற்காக மரக்கூரையை நம்பி நிற்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2012 ஜனவரியில் சென்னை எழிலகம் வளாகத்துக் கலசமகாலில் தீப்பிடித்தபோது கட்டடம் இடிந்து விழுந்து எங்கள் துறையைச் சேர்ந்த வீரர் ஒருவர் உயிரிழந்தார், அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் படுகாயமடைந்தார். கூரைக்குக் கீழே எத்தனை நேரம் நிற்கலாம் என்ற கேள்வி எங்களுக்கு ஏட்டுக் கேள்வி இல்லை.

பயம் அறவே போய்விட வேண்டும் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பயமே இல்லாதவனோடு தீக்குள் போக எனக்குப் பிடிக்காது. எதற்குப் பயப்படுவது, எதற்கு வேண்டியதில்லை என்று பிரிக்கத் தெரிந்தவன் பக்கத்தில் இருந்தால் போதும். ஏப்ரல் 14 அன்று நாடு முழுக்க எங்கள் நிலையங்களில் நீத்தார் நினைவு நாள் கடைப்பிடிக்கிறோம். 1944-இல் அந்த நாளில் பம்பாய் துறைமுகத்தில் நின்ற எஸ்.எஸ். ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பலில் பஞ்சுப் பொதிகளில் தீப்பிடித்தது. அணைக்க ஓடினார்கள். அதே கப்பலில் ஆயிரம் டன்னுக்கு மேல் வெடிபொருள் இருந்தது. வெடிபொருள் ஏற்றிய கப்பலில் பறக்க வேண்டிய சிவப்புக் கொடி அதில் பறக்கவில்லை. 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். அவர்கள் கோழைகளும் இல்லை, முரடர்களும் இல்லை. எதற்கு முன்னால் நிற்கிறோம் என்பதை அவர்களுக்குச் சொல்லும் கொடி இல்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு வருஷமும் மலர்வளையம் வைத்துவிட்டு நிமிரும்போது எனக்கு அந்தக் கொடிதான் நினைவுக்கு வரும்.

அதனால்தான் வண்டியிலிருந்து குதித்ததும் எங்கள் வாயில் வரும் முதல் கேள்வி "உள்ளே யார் இருக்கா?", இரண்டாவது கேள்வி "உள்ளே என்ன இருக்கு?" திருச்சியில் பெரியகடை வீதி, காந்தி மார்க்கெட் பக்கத்துக் குடோன்களில் இந்த இரண்டாம் கேள்விக்குப் பதில் கிடைப்பது லேசில்லை. கீழே துணி இருக்கும், மாடியில் தின்னர் டப்பா இருக்கும், படிக்குக் கீழே கற்பூரப் பெட்டி இருக்கும். கணக்கில் இல்லாத சரக்கு என்று முதலாளி தயங்குவார். அண்ணாச்சி, எங்ககிட்ட மறைக்காதீங்க, நாங்க வரி ஆபீஸ் இல்லை என்று கெஞ்சியிருக்கிறேன். தெரிந்தால் நுரை அடிக்க வேண்டுமா, தண்ணீர் அடிக்கலாமா, உள்ளே போகாமல் பக்கத்துக் கட்டடத்தை மட்டும் காப்பதா என்று முடிவெடுக்க முடியும். தெரியாமல் போகிறவனுக்குத் தைரியம் எதற்கு உதவும்?

தண்ணீரிலும் இதே கதைதான். ஆடிப்பெருக்கு அன்று அம்மா மண்டபம் படித்துறையில் எங்களுக்குக் காவல் பணி இருக்கும். முழுகுகிறவன் கையில் எது கிடைத்தாலும் அதன்மேல் ஏறப் பார்ப்பான். அது காப்பாற்ற வந்தவன் தலையாக இருந்தாலும் சரி. அந்தப் பிடியை உதறிப் பார்த்தால் இன்னும் இறுகும். பிடிபட்டவன் தானே தண்ணீருக்குள் அமிழ வேண்டும். முழுகுகிறவனுக்கு வேண்டியது மேலே இருக்கிற காற்று. கீழே போகிறவனை அவன் கை தானாக விட்டுவிடும். இதை எனக்குச் சொன்னபோது நம்ப முடியவில்லை. செய்து பார்த்த பிறகு நம்பினேன். கரையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நீச்சல் தெரிந்தாலும் குதிக்காதீர்கள், புடவையை வீசுங்கள், மூடிய காலிக் கேனை வீசுங்கள். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்களில் தண்ணீர் நின்றால் மேலிருந்து பார்க்க முழங்கால் ஆழம் மாதிரிதான் தெரியும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சொன்னது ஆற்றோரத்தில் இருந்துகொண்டு சொன்னது.

பாம்புக்கும் எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆதிசேஷன்மேல் பள்ளிகொண்டவரை நாள் தவறாமல் சேவிக்கிற ஊரில், வாழைத்தோப்பு ஓரத்து வீட்டுக்குள் ஒரு பாம்பு நுழைந்துவிட்டால் தெருவே நடுங்கும். போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் சாரையாக இருக்கும். சாரைக்கு விஷம் கிடையாது, எலி தின்ன வந்திருக்கும். "சாரைதான் சார் ஆண், நல்லபாம்பு பெண், ஜோடி பக்கத்துலயே இருக்கும், தேடுங்க" என்பார்கள். இரண்டும் வேறு வேறு இனம், ஒன்றோடொன்று சேராது என்று சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். நம்பின பாதிப் பேர் வீட்டில் அடுத்த தடவை சாரை அடிபட்டுச் சாகாது. நம் ஊரில் ஆளைக் கொல்லும் கடிகளில் பெரும்பாலானவை நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் கடிப்பவை. கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியே இல்லாமல் போகலாம். வலிக்கவில்லை என்று தூங்கப் போகாதீர்கள், கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், கடிபட்ட காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள் என்று போகிற இடமெல்லாம் சொல்கிறேன்.

இனி நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயத்துக்கு வருகிறேன். 2004 ஜனவரி 23. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாடியில் கீற்றுப் பந்தல், முகூர்த்த நேரம், கூட்டம். தீப்பிடித்தது. மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அன்று நான் வேறு மாவட்டத்தில் பணியில் இருந்தேன், ஒயர்லெஸ்ஸில் கேட்டதுதான். ஆறு மாதம் முடியும் முன், ஜூலை 16-இல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக்கூரை எரிந்து 94 குழந்தைகள் போய்விட்டார்கள். அதற்கு ஏழு வருஷம் முன்னால், 1997 ஜூன் 7-இல், தஞ்சைப் பெரிய கோயில் கும்பாபிஷேகத்துக்குப் போட்ட யாகசாலைப் பந்தல் எரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மூன்றும் காவிரிப் படுகை ஊர்கள். மூன்றிலும் தலைக்கு மேலே காய்ந்த கீற்று.

கீற்று எரிவதை நிதானமாக நின்று பார்த்தவர்கள் குறைவு. தீ அதில் பக்கவாட்டில் நகர்வதைவிடக் கூரையின் அடிப்பக்கமாக ஓடும். மேலே எரியும்போது கீழே நிற்கிறவனுக்கு முதலில் வெளிச்சம்தான் தெரியும். பிறகு எரிகிற கீற்றுகள் கொத்தாக விழும், பட்டுப்புடவையிலும் பட்டுவேட்டியிலும் விழும். தீ தன்னிடம் வர இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைக்கிறவன் தலையில் அது ஏற்கனவே விழுந்திருக்கும். எங்கள் வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்தச் சில நிமிடங்களுக்குள் வர முடியாது. அந்தச் சில நிமிடங்கள் உள்ளே இருப்பவர்களுடையவை.

அப்போது அவர்கள் என்ன செய்வார்கள் என்பது உலகம் முழுக்க ஒன்றுதான். வந்த வழியே திரும்பிப் போவார்கள். பக்கத்தில் இன்னொரு கதவு திறந்திருந்தாலும் கண்ணுக்குப் படாது. 1942-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கோகனட் குரோவ் என்ற கேளிக்கை விடுதி எரிந்து 492 பேர் இறந்தார்கள். முன்வாசலில் இருந்த சுழல்கதவில் ஆட்கள் நெருக்கி, அது சிக்கிக்கொண்டது. உள்பக்கமாகத் திறக்கும் கதவு ஒன்றைக் கூட்டம் உள்ளே இருந்து அழுத்தியதால் திறக்கவே முடியவில்லை. மக்கள் கூடும் இடங்களில் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்று நாங்கள் மண்டபக்காரர்களிடம் பிடிவாதமாக நிற்பதற்குப் பின்னால் இப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

பணியில் இருந்தவரை ஆய்வுக்குப் போகும்போது நான் கேஸ் இணைப்பையோ தீயணைப்பானையோ முதலில் பார்த்ததில்லை. மேடைக்குப் பின்னால் இருக்கிற கதவைத் தேடிப் போவேன். பல மண்டபங்களில் அது பூட்டியிருக்கும். சாவி மேனேஜரிடம் இருக்கும், மேனேஜர் டீ குடிக்கப் போயிருப்பார். சில இடங்களில் பூட்டாத கதவுக்கு முன்னால் சோடா கிரேட்டுகளும், மடக்கிய நாற்காலிகளும், பாத்திர மூட்டையும் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். சீர்ப்பாத்திரம் திருட்டுப் போகுமே என்று பூட்டுகிறோம் என்பார்கள். திருட்டுக்குப் பயப்படுகிறார்கள், தப்பில்லை. ஆனால் எந்தப் பயத்துக்கு எந்த இடம் என்று ஒரு வரிசை இருக்கிறது, அதை மாற்றி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு ஒரு ஆசை. முகூர்த்தத்துக்கு முன்னால் மைக்கில் அரை நிமிடம் ஒருவர் பேச வேண்டும்: இந்த மண்டபத்துக்கு மூன்று வழி, ஒன்று முன்னால், ஒன்று மேடைக்குப் பின்னால், ஒன்று பந்திக்கூடம் வழியாக. அவ்வளவுதான். சொல்லிப் பார்த்தேன். "கல்யாணத்துல போய் தீ, கீன்னு பேசினா அபசகுனம் சார்" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். அக்னியைச் சாட்சி வைத்துத்தானே தாலியே கட்டுகிறோம்? ஓமகுண்டத்தை நடுவில் வைத்துக்கொண்டு அதைப் பற்றி அரை நிமிடம் பேசினால் என்ன குறைந்துவிடும்? ஒரு சில குடும்பங்கள் மட்டும் ஒத்துக்கொண்டிருக்கின்றன. அங்கே நான் கவனித்தது, அறிவிப்பு வந்ததும் கூட்டம் முழுக்க ஒரு தடவை தலையைத் திருப்பிப் பின்கதவைப் பார்க்கும். அந்த ஒரு பார்வை போதும். ஆபத்தில் கால் தேடிப் போவது கண் ஏற்கனவே பார்த்த கதவைத்தான்.

ஓய்வு பெற்ற பிறகும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கேஸ் சிலிண்டர் செயல்முறை காட்டக் கூப்பிடுகிறார்கள். போன மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு குடியிருப்பின் கார் நிறுத்தும் இடத்துக்கு வெளியே, திறந்த வெளியில். பெண்கள்தான் அதிகம். சிலிண்டரைக் கொண்டுவந்து வைத்ததுமே நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. அதற்குள் 14.2 கிலோ கேஸ், அழுத்தத்தில் திரவமாக இருக்கிறது. ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாகும். காற்றைவிடக் கனம், அதனால் தரையோடு தரையாகப் படரும். கசிவு தெரிய வேண்டும் என்றுதான் அதில் அந்த அழுகல் நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். நாற்றம் வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, போட்டிருப்பதை அணைக்கவும் கூடாது. கதவு ஜன்னலைத் திற, ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போடு, 1906-க்குப் போன் செய். இவ்வளவும் சொல்லிவிட்டு, ரெகுலேட்டரில் ஒரு அடி டியூபை மாட்டி அதன் வாயில் தீ வைத்தேன். மஞ்சளாக ஒரு முழ நீளத்துக்குத் தீ ஆடியது.

முன்வரிசையில் ஒன்பது கெஜம் கட்டிய மாமி ஒருவர் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். "வெடிச்சுடாதோ?" என்றார்.

"உள்ளே காத்து இல்லை மாமி. காத்து இல்லாம கேஸ் எரியாது. நூத்துக்கு ரெண்டு பங்குக்கும் ஒன்பது பங்குக்கும் நடுவுல காத்தோட கலந்தாத்தான் அது பிடிக்கும். கேஸ் வெளியே வந்துண்டே இருக்கிறவரைக்கும் தீ உள்ளே போக வழியே இல்லை."

"அப்போ பேப்பர்ல போடறாளே, சிலிண்டர் வெடிச்சுதுன்னு?"

நல்ல கேள்வி. அதில் பாதிக்கு மேல் சிலிண்டர் வெடித்ததே இல்லை, மூடிய அறையில் கசிந்து நிறைந்த கேஸ் ஒரு பொறியில் பிடித்தது. உண்மையிலேயே சிலிண்டர் வெடிப்பது வேறு மாதிரி: அறையில் வேறு ஏதோ எரிந்து, அந்தத் தீ சிலிண்டரின் உடம்பைச் சுட்டுக்கொண்டே இருந்தால், உள்ளே இருக்கிற திரவம் கொதித்து, அழுத்தம் ஏறி, இரும்பு பிளந்துவிடும். அதற்குப் பயப்பட வேண்டும், ஓடத்தான் வேண்டும். டியூப் முனையில் எரிகிற தீக்கு ஓட வேண்டாம். இதைச் சொன்னதும் பின்னால் போன நாற்காலிகளில் இரண்டு முன்னால் வந்தன.

மாமியைக் கூப்பிட்டேன். தயங்கினார், மருமகளைப் பார்த்தார், பிறகு மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். பக்கவாட்டிலிருந்து வாருங்கள், தீ ஆடுகிற பக்கம் நிற்காதீர்கள், பார்வை தீயில் வேண்டாம், குமிழில் இருக்கட்டும் என்றேன். சாக்கை நனைத்துப் பிழிந்து முன்னால் தடுப்பாகப் பிடித்தபடி குனிந்தார். கை நடுங்கியது. குமிழைத் திருப்பினார். டியூபில் மிச்சம் இருந்த கேஸ் ஒரு நொடி எரிந்து அடங்கியது. கைதட்டல். "இவ்ளோதானா?" என்றார். இன்னொரு தடவை பற்றவைக்கச் சொல்லி, அந்தத் தடவை கை நடுங்காமல் மூடினார்.

உட்காரப் போனவர் திரும்பி வந்து கேட்டார்: "ரெகுலேட்டரே உருகிப் போயிருந்தா? குமிழ் திரும்பலேன்னா?"

அப்படியானால் தீயை அணைக்கக் கூடாது மாமி என்றேன். கூட்டம் சலசலத்தது. எரிகிற கேஸ் கண்ணுக்குத் தெரிகிறது, இருக்கிற இடத்திலேயே எரிந்து தீர்கிறது. அடைக்க வழியில்லாமல் தீயை மட்டும் அணைத்தால், அதே கேஸ் தெரியாமல் தரையில் படர்ந்து பக்கத்து வீட்டு விளக்குவரை போய்ப் பிடிக்கும். அதனால் எரியவிடுங்கள். எட்டினால் பக்கத்தில் இருக்கிற துணியையும் ஸ்டூலையும் இழுத்துவிடுங்கள், எட்டாவிட்டால் வேண்டாம். எல்லோரையும் கூட்டிக்கொண்டு, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வாருங்கள். படியில் இறங்குங்கள், லிஃப்ட் வேண்டாம். 101-க்குப் போன் போட்டு, "தீ, தீ" என்று சொல்லி வைத்துவிடாதீர்கள். எந்த வீதி, எத்தனாவது மாடி, எரிகிற சிலிண்டர் ஒன்றா, பக்கத்தில் நிரப்பின சிலிண்டர் இன்னொன்று இருக்கிறதா, வீட்டில் நடக்க முடியாதவர்கள் யாராவது இருக்கிறார்களா. இத்தனையும் சொல்லுங்கள். தெருமுனையில் ஒரு பையனை நிறுத்தி வையுங்கள், வண்டி வழி தேடாது.

மருமகள் போனை எடுத்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தாள். மாமி அவளிடம், "நிரப்பின சிலிண்டரை இனிமே அடுப்புக்குப் பக்கத்துல வெக்காதே, பால்கனிக்கு மாத்து, இன்னிக்கே" என்று சொல்லிக்கொண்டே சாக்கை என்னிடம் நீட்டினார்.